சதுரம் பதினேழு

பால்ஸ்தாலுக்கு மேலே, யூரா மலைச் சரிவில்
காட்டுச் செர்ரி ஒன்று நிற்கிறது.
அதன் அடியில் மண்டியிடுவதற்குத்தான்
ஏப்ரல் முதல் ஜூன் வரை எனக்குச் சம்பளம்.

ஒரு மீட்டர்ச் சதுரம். மூலைக்கு ஓர் ஆணி, சுற்றிலும் நூல்.
முளைத்த ஒவ்வொன்றின் பக்கத்திலும்
ஒரு பல்குச்சி குத்த வேண்டும்.
முதல் வாரம் இருநூற்றுப் பன்னிரண்டு.
இத்தனை பிள்ளைகளா என்று
மரத்தை அண்ணாந்து பார்த்தேன்.
அது பூவுதிர்த்துக்கொண்டிருந்தது,
கணக்கில் அக்கறை இல்லாமல்.

மூன்றாம் வாரம் மழை.
மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு பழுப்பாகி
நூலாய் இளைத்து,
மேலே இரண்டு இலையும் பச்சையாகவே இருக்க,
சாய்ந்துவிடுகிறது.
நாற்றழுகல்.
தக்காளிக் கூடாரத்தில் ஆறு வருடம் குனிந்தவளுக்கு
அந்தச் சாவு பழக்கம்.
அங்கே இதைக் கண்டால் முதலாளி அலறுவார்.
இங்கே ரெகுலா எட்டிப் பார்த்து
"நல்லது, எழுதிக்கொள்" என்கிறாள்.

ஜூனில் பல்குச்சிகள் எல்லாம் நிற்கின்றன.
பிள்ளைகள் நான்கு.

தாய்மரத்தின் வேரைச் சுற்றியே
வருஷக்கணக்காய்க் குடியிருக்கிறது அந்தப் பூஞ்சை.
மரத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது,
முற்றிய பட்டை.
அதே வாசனையுள்ள இளசுக்குக் காத்திருக்கிறது.
பக்கத்தில் வந்து விழுந்த மேப்பிளை
ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

நாற்பது அடி தள்ளி, பாறையோரம்,
நரி கழித்துவிட்டுப் போன இடத்தில்
பதினொன்று முளைத்து ஒன்பது நிற்கின்றன.
பெற்றவளின் நிழல் எட்டாத பீக்குவியலில்
என்ன கொழுப்பு அந்த இலைகளுக்கு!
நரியாருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

சதுரம் பதினேழில் மட்டும் கதை வேறு.
வாரம் ஒருமுறை அதற்குப் பூஞ்சைக்கொல்லி,
தெளிப்பது என் கை.
உண்மையைச் சொன்னால்,
அந்தத் தெளிப்பானை எடுக்கும்போது
எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.
பதினேழில் சாவே இல்லை.
கூப்பன் கடை வரிசைபோல்
நெருக்கியடித்து, இலைமேல் இலை,
எல்லாம் செர்ரி.
போன வருடத்துத் தாளைப் புரட்டினேன்:
பீச் இரண்டு, மேப்பிள் ஐந்து, ரோவன் ஒன்று.
அவற்றுக்கு இப்போது கால் வைக்க இடமில்லை.
வெறும் தண்ணீர் தெளித்த பக்கத்துச் சதுரத்திலோ
சாவு விழுந்த ஓட்டைகளில்
வேறு வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தன.

நான் காப்பாற்றியது எதை என்று
ரெகுலாவிடம் கேட்கவில்லை.
தெளிப்பானைக் கழுவி வண்டியில் வைத்தேன்.

நோயெல்லாம் இப்படி முறை பார்க்கும் என்று மட்டும்
நினைத்துவிட வேண்டாம்.
கீழ்ச்சரிவில் ஆஷ் மரங்கள்.
ஜூனிலேயே நுனி மொட்டை.
கிழக்கே எங்கிருந்தோ வந்து
காற்றில் ஏறிப் பரவிய வேறொரு பூஞ்சை,
அதற்குக் கிழம் குஞ்சு பார்க்கத் தெரியாது,
நாற்பது அடி, நானூறு அடி, எல்லாம் ஒன்று.
செவ்வாய்க்கிழமை ரம்பம் வந்தது.
நடைபாதையோரம் மட்டும் பத்தொன்பது.
ஒன்றை விட்டுவைத்தார்கள்,
அது ஏனோ இன்னும் முழுத் தழையோடு நின்றது.
பட்டையில் நீல வளையம் வரைந்துவிட்டு
ரெகுலா உள்ளங்கையை அதன்மேல் வைத்திருந்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்,
வெகுநேரம்.

கடைசி எண்ணிக்கை.
தண்ணீர்ச் சதுரத்தில், போன ஒன்றின் பல்குச்சியை
உரசிக்கொண்டு ஓர் இலை.
பீச்சின் மெழுகும் இல்லை,
மேப்பிளின் விரலும் இல்லை.
கையேட்டைப் புரட்டினேன். ரெகுலா உதட்டைப் பிதுக்கினாள்.
படிவத்தில் இனம் என்ற கட்டத்தில்
'தெரியாது' என்று எழுதி
பக்கத்தில் புதுக் குச்சி குத்தினேன்.
மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது,
மழைக்கு முன் இறங்க வேண்டும்.